புள்ளிக்குப் பின்னால் கவனம் தேவை!



விலைவாசி, வரி, வட்டி, வாடகை என்று பெரிய விஷயங்களைப் பற்றி எழுதுவதற்கு நம்மிடையே விவரம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத வந்திருப்பது ஒரு சின்னப் புள்ளியைப் பற்றி. 2.5 என்றும் 0.075 என்றும் எழுதுகிறோமே, அந்தப் புள்ளி. இது பள்ளிக்கூடத்துப் பாடம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தப் புள்ளியால் எங்கள் கடையில் ஒரு பையன் மேல் திருட்டுப் பழி விழுந்தது. பழி போட்டவர்கள் நாங்கள்தான்.

ஏலக்காய் எங்கே போயிற்று?

1994-ஆம் ஆண்டு. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மதுரையில் எங்கள் மொத்தக் கடையை அப்போது தகப்பனார் நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பண்டிகை வியாபாரம் சூடு பிடிக்குமுன் கிடங்கில் சரக்கு இருப்பு எடுத்தோம். மிளகு சரி, சீரகம் சரி, கிராம்பு சரி. ஏலக்காயில் மட்டும் குறை விழுந்தது. இருப்பு ஏட்டின்படி 8 கிலோ 895 கிராம் இருக்க வேண்டும். தராசில் 7 கிலோ 500 கிராம்தான் நின்றது. 1 கிலோ 395 கிராம் இல்லை. ஏலக்காய் காய்ந்து எடை குறையும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒரே வாரத்தில் இவ்வளவா குறையும்?

கிடங்குச் சாவி அப்போது ஒரு புதுப் பையனிடம் இருந்தது. பத்தாவது முடித்தவன், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழைய கிடங்குக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போன பிறகு, அந்த வாரம்தான் சாவியை அவனிடம் கொடுத்திருந்தோம். இது போதாதா? "நீ வீட்டுக்குப் போ, கூப்பிடும்போது வா" என்று அனுப்பிவிட்டோம். திருடன் என்ற வார்த்தையை வாயால் சொல்லவில்லை. ஆனால் கடையில் இருந்த எட்டுப் பேருக்கும் அது விளங்கிவிட்டது. தெருவுக்கும் விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் அவன் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "முதலாளி, நான் எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் இருக்கும்ல? அதை என் கண்ணு முன்னால ஒரு தடவை கூட்டிக் காட்டுங்க" என்றான்.

கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளை எடுத்தோம். அந்த வாரம் கிடங்கிலிருந்து கடைக்கு ஏலக்காய் போனது மூன்று தடவை. அவன் கையெழுத்தில் மூன்று சீட்டுகள்: 1.5, 2.25, .75.

அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபடி எழுதியிருந்தான். ஒன்றரைக் கிலோ, இரண்டே கால் கிலோ, முக்கால் கிலோ. மொத்தம் நாலரைக் கிலோ. எங்கள் கணக்குப்பிள்ளையோ முப்பது வருடமாகக் கிலோவுக்கு ஒரு பத்தி, கிராமுக்கு ஒரு பத்தி என்று ஏடு எழுதுகிறவர். பழைய கிடங்குக்காரர் கிலோவுக்கும் கிராமுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு எழுதுவார். அந்தப் பழக்கத்தில் பையன் வைத்த புள்ளியையும் கோடு என்றே இவர் எடுத்துக்கொண்டார். ஏட்டில் ஏறியது 1 கிலோ 5 கிராம், 2 கிலோ 25 கிராம், 75 கிராம். மொத்தம் 3 கிலோ 105 கிராம். டின்னில் முதலில் இருந்தது 12 கிலோ. கழித்துப் பாருங்கள்: பையன் கணக்குப்படி மீதி 7.500. ஏட்டின்படி மீதி 8.895. குறைந்ததாக நாங்கள் நினைத்த 1 கிலோ 395 கிராம், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஒரு கிராம்கூடத் திருட்டுப் போகவில்லை. எழுதியவனும் யோக்கியன், ஏற்றியவரும் யோக்கியர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். மொத்தக் கிடங்கிலிருந்து யாராவது 5 கிராம் ஏலக்காய் எடுத்துக் கொடுப்பார்களா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏட்டைப் பார்த்தோம், பையனைப் பார்த்தோம், சீட்டைப் பார்க்கவில்லை.

தகப்பனார் அவன் மாமனிடமும் அவனிடமும் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே அவன் வேலைக்கு வந்தான். இரண்டு வருடம் இருந்தான். நல்ல வேலைக்காரன். ஆனால் கிடங்குச் சாவியை மட்டும் அதன் பிறகு அவன் வாங்கிக்கொள்ளவே இல்லை. எத்தனை தடவை நீட்டினாலும், "வேற யாருகிட்டயாவது குடுங்க முதலாளி" என்று விலகிக்கொள்வான்.

இடத்துக்கு இடம் படிக்கல் வேறு

அதற்குப் பிறகுதான் புள்ளிக் கணக்கை நாங்கள் ஒழுங்காகப் படித்தோம். பள்ளிக்கூடத்தில் இடமதிப்பு என்று சொல்லித் தந்தது அன்று தலையில் ஏறவில்லை. தராசுத் தட்டைப் பார்த்தபோது ஏறிவிட்டது.

2.375 கிலோ என்ற எடையைப் பழைய தட்டுத் தராசில் எப்படி நிறுப்போம்? 2 கிலோ கல் ஒன்று. அப்புறம் 200-ம் 100-ம், ஆக முன்னூறு. அப்புறம் 50-ம் 20-ம், ஆக எழுபது. கடைசியில் 5 கிராம் கல். இப்போது எண்ணைத் திரும்பப் பாருங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது கிலோக் கல். புள்ளிக்கு அடுத்த முதல் இடம் நூறு கிராம் இடம். இரண்டாம் இடம் பத்து கிராம் இடம். மூன்றாம் இடம் ஒரு கிராம் இடம். ஒவ்வோர் இடமும் தனக்கு முந்தின இடத்தில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவுதான் விஷயம்.

ஆகவே 1.5 என்றால் நூறு கிராம் இடத்தில் ஐந்து, அதாவது 500 கிராம். 1.05 என்றால் பத்து கிராம் இடத்தில் ஐந்து, 50 கிராம். 1.005 என்றால்தான் 5 கிராம். மூன்றிலும் இருப்பது ஒன்றும் ஐந்தும்தான். ஐந்து உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. சும்மா கிடக்கும் இடத்தைக் காட்டுவதற்குத்தான் பூஜ்யம் போடுகிறோம். அந்தப் பூஜ்யத்தை விட்டால் ஐந்து தன் இடம் விட்டு முன்னால் நகர்ந்து விலை ஏறிவிடும்.

இலக்கம் அதிகமாக இருந்தால் எடையும் அதிகம் என்று நினைக்கும் பையன்கள் உண்டு. 0.5 பெரிதா, 0.125 பெரிதா என்று கேட்டால் 125 என்பார்கள். 0.5 அரைக் கிலோ, 0.125 அரைக்கால் கிலோ. 0.500 என்று எழுதிக் காட்டினால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

நம் பெரியவர்கள் எப்படித் தப்பித்தார்கள்?

எங்கள் பாட்டனார் காலத்தில் பணத்துக்கு ரூபாய், அணா, பை. எடைக்கு மணங்கு, வீசை, பலம். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. பத்திக்குப் பத்தி வேறு வேறு எண்ணில் மீதி ஏற்ற வேண்டும். இன்றைய பையன்களுக்குத் தலை சுற்றும். ஆனால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் வரவில்லை. காரணம், ஒவ்வொரு பத்திக்கும் தலையில் அலகின் பெயர் இருந்தது. அணா இருக்க வேண்டிய பத்தியில் பை போய் உட்காராது.

1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆயிற்று. மாறிய புதிதில் ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, நாலணாவுக்கு 25 நயா பைசா என்று கணக்கு. நாலு தடவை ஓர் அணா கொடுத்தால் 24, ஒரே தடவையில் நாலணா கொடுத்தால் 25! அந்த ஒரு பைசாவுக்காகக் கடை வாசலில் நடந்த வாக்குவாதங்களைத் தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்வார். 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாக வந்தன. எல்லாம் பத்து, பத்தாக ஆனதால் கூட்டல் கழித்தல் சுலபமாகிவிட்டது. ஆனால் பத்தித் தலைப்பு போய்விட்டது. அலகின் பெயரைச் சொல்ல வேண்டிய வேலை இப்போது ஒரு புள்ளியின் தலையில் விழுந்திருக்கிறது.

பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்னும் இந்தத் தசமக் கணக்கை ஐரோப்பாவில் எல்லோருக்கும் புரியும்படி எழுதி வைத்தவர் சைமன் ஸ்டீவின். இளவயதில் ஆண்ட்வெர்ப் நகரில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். 1585-இல் அவர் வெளியிட்ட சிறிய புத்தகத்தில் நிலம் அளப்பவர்களோடு வணிகர்களையும் அழைத்துத்தான் பேசுகிறார். அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தையும் அடுத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் அது எத்தனையாவது இடம் என்று எழுதினார். எழுத நேரம் ஆகும்தான். ஆனால் எங்கள் கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் பையன் தப்பித்திருப்பான்.

கூட்டும்போது

வாடிக்கைக்காரர் ஒருவர் மிளகு மூன்று தடவை வாங்குகிறார். சீட்டில் 2.5, .075, 1.25 என்று இருக்கிறது. புள்ளியைக் கவனிக்காமல் வலது பக்க ஓரத்தை ஒட்டி எழுதிக் கூட்டினால் 25, 75, 125, ஆக மொத்தம் 225. அதில் எங்காவது ஒரு புள்ளியை வைத்து 2.25 என்று எழுதிவிடுவார்கள். முதல் தடவை வாங்கியதே இரண்டரைக் கிலோ. மூன்றும் சேர்ந்து இரண்டே கால் கிலோ எப்படி ஆகும்?

புள்ளிக்கு நேர் கீழே புள்ளி, நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். காலி இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும்.

2.500
0.075
1.250
———
3.825

கடைசி இடத்திலிருந்து வருவோம். ஒரு கிராம் இடத்தில் 5. பத்து கிராம் இடத்தில் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. பன்னிரண்டு பத்து கிராம் கல் என்றால் ஒரு நூறு கிராம் கல்லும் இரண்டு பத்து கிராம் கல்லும். 2 எழுதி, 1-ஐ நூறு கிராம் இடத்துக்கு ஏற்றுகிறோம். அங்கே ஐந்தும் இரண்டும் ஏறிய ஒன்றும் எட்டு. கிலோ இடத்தில் மூன்று. ஆக 3.825. சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் கிராமாக்கிக் கூட்டிப் பார்க்கலாம்: 2,500, 75, 1,250, மொத்தம் 3,825 கிராம்.

கழிக்கும்போது

பத்துக் கிலோ மிளகில் இந்த 3.825 போக மீதி எவ்வளவு? அவசரக்காரர்கள் பத்தில் மூன்று போக ஏழு, பின்னால் உள்ளதை அப்படியே இறக்கி 7.825 என்பார்கள். தவறு. பத்துக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று பூஜ்யம் போட வேண்டும்.

10.000
 3.825
———
 6.175

பூஜ்யத்தில் ஐந்து போகாது. கல்லாவில் சில்லறை மாற்றுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோவில் ஒரு கிலோவை மாற்றினால் பத்து நூறு கிராம். அதில் ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து கிராம். அதில் ஒரு பத்தை மாற்றினால் பத்து ஒரு கிராம். இப்போது கையில் இருப்பது 9 கிலோ, 9 நூறு, 9 பத்து, 10 ஒன்று. பத்தில் ஐந்து போக 5. ஒன்பதில் இரண்டு போக 7. ஒன்பதில் எட்டு போக 1. ஒன்பதில் மூன்று போக 6. விடை 6.175. இதையும் 3.825-ஐயும் கூட்டினால் பத்துக் கிலோ திரும்ப வர வேண்டும். வந்தால் கணக்குச் சரி.

டின் எடை கழிக்கும்போதும் இப்படித்தான். மேடைத் தராசு 25.40 என்று இரண்டு இடம் காட்டும். காலி டின்னை மேசைத் தராசில் வைத்தால் 1.850 என்று மூன்று இடம் காட்டும். இரண்டையும் அப்படியே எழுதிக் கழிக்கக் கூடாது. 25.400 என்று ஆக்கிக்கொண்டு 1.850-ஐக் கழித்தால் சரக்கு 23.550 கிலோ.

எல்லாவற்றுக்கும் மூன்று இடம் அல்ல

கிலோவுக்கு ஆயிரம் கிராம், லிட்டருக்கு ஆயிரம் மில்லி. ஆகவே இவற்றுக்குப் புள்ளிக்குப் பின் மூன்று இடம். ரூபாய்க்கு நூறு பைசா, குவிண்டாலுக்கு நூறு கிலோ. ஆகவே இரண்டு இடம். 3 குவிண்டால் 5 கிலோவை 3.5 என்று எழுதினால் 350 கிலோ ஆகிவிடும். 3.05 என்பதே சரி. 45 கிலோ அரிசி வித்தியாசம்! எந்த லாபத்தில் இதை ஈடுகட்டுவது?

கால்குலேட்டரும் நம்மை ஏமாற்றும். 12 ரூபாய் 50 காசு வர வேண்டிய இடத்தில் 12.5 என்று மட்டும் காட்டி நிற்கும். கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். புதுப் பையன் அதைப் பன்னிரண்டு ரூபாய் ஐந்து காசு என்று படிப்பான். நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. பைசாவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். பைசா போனாலும் புள்ளி போகவில்லை. மின்னணுத் தராசிலும், கம்ப்யூட்டர் பில்லிலும், வரிப் பட்டியலிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

டஜன் கணக்குக்குப் புள்ளியே ஆகாது. 3 டஜன் 6 சோப்பை 3.6 என்று எழுதக் கூடாது. அது மூன்றரை டஜன், அதாவது 3.5. பத்துப் பத்தாக மாறாத அலகு எதற்கும் புள்ளி வைக்காமல், டஜன் தனி, உருப்படி தனி என்று எழுதுவதே நல்லது.

எங்கள் கடை வழக்கம்

ஏலக்காய்ச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் கடைப்பிடித்து வருவதைச் சொல்கிறோம். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கிலோ எழுதினால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் கட்டாயம். அரைக் கிலோ என்றாலும் 0.500 தான். முழுக் கிலோ என்றாலும் 2.000 தான்.

2. புள்ளிக்கு முன்னால் ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் போட வேண்டும். .75 என்று எழுதினால் புள்ளி அழிந்து 75 ஆகிவிடும்.

3. சீட்டுப் புத்தகத்தில் புள்ளியை முன்னதாகவே அச்சடித்து, இலக்கத்துக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். கட்டம் காலியாக இருந்தால் சீட்டைக் கணக்கில் ஏற்றுவதில்லை.

4. போனில் "ரெண்டு புள்ளி அஞ்சு" என்று ஆர்டர் வந்தால், "ரெண்டரைதானே அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்போம். கால், அரை, முக்கால் என்று வாயால் சொல்லும்போது தவறு வராது.

5. கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அரைக்கால் 0.125, கால் 0.250, காலே அரைக்கால் 0.375, அரை 0.500, முக்கால் 0.750, நூறு கிராம் 0.100, ஐம்பது கிராம் 0.050, ஐந்து கிராம் 0.005. புதிதாக வேலைக்கு வருபவர் முதல் நாளே இதைப் பார்த்து எழுதிக் காட்ட வேண்டும்.

6. இருப்பில் குறை விழுந்தால் முதலில் சீட்டை எடுத்து, சம்பந்தப்பட்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கண் முன்னால் கூட்ட வேண்டும். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறாவதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தோம். நம் கடைகளில் வேலைக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் இருக்கும் ஒரே முதல் நல்ல பெயர். சரக்கு நஷ்டமானால் அடுத்த லோடில் சரிக்கட்டிவிடலாம். அந்த முதல் போனால் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது. தகப்பனார் மன்னிப்புக் கேட்டும், அந்தப் பையன் கடைசி வரை சாவியைக் கையால் தொடவில்லை என்பதை முன்பே சொன்னோம்.

இன்றைக்குக் கடைக்குப் போனதும் உங்கள் சீட்டுப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எத்தனை இடத்தில் 1.5 என்றும் .75 என்றும் எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாளையிலிருந்து அந்த இடங்களில் பூஜ்யம் ஏறட்டும்.